43 சர்வருக்குப் போட்ட லூப் ஒரே ஒரு சர்வரோட ஏன் நிக்குது?

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. நான் 2 வருஷமா ஒரு கம்பெனியில லினக்ஸ் சப்போர்ட்ல இருக்கேன். எங்ககிட்ட 43 சர்வர் இருக்கு. தினமும் காலையில 6 மணிக்கு எல்லா சர்வர்லயும் டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பார்த்து, 90 பர்சன்ட் தாண்டியிருந்தா மெயில் அனுப்புற மாதிரி ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் எழுதி, குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டுற கிரான்ல போட்டேன். சர்வர் பேரெல்லாம் ஒரு ஃபைல்ல லைனுக்கு ஒண்ணா இருக்கு. அதை கேட் கமாண்டால படிச்சு, அந்த அவுட்புட்டை பைப் போட்டு, லைன் லைனா படிக்கிற வைல் ரீட் லூப்புக்குக் குடுத்து, உள்ள எஸ்எஸ்எச் வழியா ஒவ்வொரு சர்வருக்கும் போய், டிஸ்க் அளவைக் காட்டுற டிஎஃப் ஓட்டுறேன். என் டெஸ்ட் மெஷின் ஒண்ணை மட்டும் லிஸ்ட்ல வச்சு ஓட்டினப்போ கரெக்டா வந்துச்சு. அப்புறம் 43 பேரையும் போட்டுட்டு விட்டுட்டேன். மூணு மாசமா மெயிலே வரல, எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சேன். போன வாரம் ராத்திரி டேட்டாபேஸ் சர்வர்ல டிஸ்க் 100 பர்சன்ட் ஆகி எல்லாமே நின்னுடுச்சு. அப்புறம் பார்த்தா லூப் முதல் சர்வரை மட்டும் பார்த்துட்டு வெளிய வந்துடுது, எர்ரரும் இல்ல. எத்தனை சர்வர் பார்த்திருக்குன்னு எண்ண ஒரு கவுண்டர் வச்சிருந்தேன், அது எப்பவும் 0ன்னே காட்டுச்சு, அதனால அந்த லைனை கமெண்ட் பண்ணிட்டேன். இப்ப ஃபார் லூப்பா மாத்தினா 43ம் ஓடுது, ஆனா ஏன்னு புரியல. மேனேஜர் காரணத்தை எழுதிக் குடுன்னு கேக்குறார். எனக்கே தெரியாததை எப்படிண்ணா எழுதுறது?

பதில்:

தம்பி, ஃபார் லூப்பா மாத்தி ஓடிடுச்சுன்னு அதோட விடாம ஏன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்குப் பொறுமையா பதில் சொல்லணும். கமாண்டை எல்லாம் போன்ல சொல்ற மாதிரியே எழுதிட்டுப் போறேன், நீங்க டைப் பண்ணும்போது அதது அதுக்கான எழுத்துல அடிச்சுக்கோங்க.

முதல்ல ஒண்ணு. உங்க ஸ்கிரிப்ட்ல ரெண்டு தப்பு இருக்கு, ரெண்டும் தனித்தனி. ஒண்ணு லூப்பை முதல் சர்வரோட நிறுத்தின தப்பு. இன்னொண்ணு கவுண்டரை 0ன்னு காட்ட வச்ச தப்பு. இதுல ரொம்ப வருத்தமான விஷயம் என்னன்னா ரெண்டாவது தப்பு மட்டும் இல்லாம இருந்திருந்தா, முதல் நாளே கவுண்டர் 1ன்னு காட்டியிருக்கும், 43 வர வேண்டிய இடத்துல 1 ஏன் வருதுன்னு நீங்க அன்னைக்கே கேட்டிருப்பீங்க, மூணு மாசம் போயிருக்காது. கவுண்டர் தப்பா காட்டுதுன்னு தெரிஞ்ச உடனே அதைத் தூக்கி ஓரமா வச்சதுதான் இதுல நடந்த உண்மையான சறுக்கல், அதுக்கு அப்புறம் வர்றேன்.

இந்த மாதிரி லூப் பிரச்சனை வந்தா எல்லாரும் உடனே ஸ்கிரிப்டை மாத்த ஆரம்பிச்சிடுவாங்க, மேற்கோள் குறி போடு, மேற்கோள் குறி எடு, வைலை ஃபாராக்கு, அடைப்புக்குறியை மாத்துன்னு. மாத்தாதீங்க. ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, இருக்கிற ஸ்கிரிப்டையே வேடிக்கை பாருங்க. பேஷ் மைனஸ் எக்ஸ்னு போட்டு ஸ்கிரிப்ட் பேரைக் குடுத்தீங்கன்னா ஷெல், அதாவது நம்ம கமாண்டை வாங்கி ஓட்டுற பேஷ், தான் செய்யற ஒவ்வொரு வேலையையும் முன்னாடி ஒரு ப்ளஸ் குறி போட்டு சொல்லிட்டே போகும். உங்க கேஸ்ல ஸ்கிரீன்ல இப்படித்தான் வரும்: முதல்ல ப்ளஸ் ரீட், அடுத்தது ப்ளஸ் எஸ்எஸ்எச் வெப்01 (உங்க முதல் சர்வர் பேரு அதுன்னு வைங்க), அப்புறம் அந்த சர்வரோட டிஎஃப் அவுட்புட், அதுக்குக் கீழ மறுபடி ஒரு ப்ளஸ் ரீட், அவ்வளவுதான், அப்புறம் லூப்புக்கு வெளிய இருக்கிற லைனுக்குப் போயிடும்.

அந்த ரெண்டாவது ப்ளஸ் ரீட்டைத்தான் நீங்க பார்க்கணும். லூப் நடுவுல செத்துப் போயிருந்தா, அதாவது பிரேக்கோ எக்ஸிட்டோ இல்ல எர்ரர் வந்தா ஸ்கிரிப்டை நிறுத்துற செட் மைனஸ் ஈயோ அதை வெட்டியிருந்தா, ரெண்டாவது ரீட்டே வந்திருக்காது, கடைசி லைன் எஸ்எஸ்எச்சாவோ அந்த பிரேக், எக்ஸிட்டாவோ இருந்திருக்கும். ரெண்டாவது ரீட் வந்திருக்குன்னா லூப் ஒழுங்காதான் திரும்பி மேல போயிருக்கு, அடுத்த பேரைக் கேட்டிருக்கு, ஆனா படிக்க ஒண்ணும் இல்ல, லிஸ்ட் முடிஞ்சு போச்சு. லிஸ்ட் முடிஞ்சா வைல் நிக்கும், அது எர்ரரே இல்ல, அதோட வேலையே அதுதான். அதனாலதான் உங்களுக்கு ஒரு மெசேஜும் வரல. கேள்வி இப்ப மாறிடுச்சு பாருங்க, லூப் ஏன் நின்னுச்சுங்கிறது இல்ல, மீதி 42 பேரு எங்க போச்சு?

அடுத்த சோதனை. எஸ்எஸ்எச் இருக்கிற லைனுக்கு முன்னாடி எக்கோன்னு ஒரு வார்த்தையை மட்டும் சேர்த்து ஓட்டுங்க, அப்ப எஸ்எஸ்எச் ஓடாது, அந்த லைனை ஸ்கிரீன்ல மட்டும் காட்டும். 43 லைன் வரும். எக்கோவை எடுத்துட்டு ஓட்டுங்க, 1 வரும். லிஸ்ட் மேல தப்பு இல்ல, லூப் மேல தப்பு இல்ல, எஸ்எஸ்எச் உள்ள வந்தா மட்டும் பேரு காணாம போகுதுன்னு தெரிஞ்சு போச்சா. இப்ப நான் எங்க டீம்ல புதுசா வர்ற எல்லாருக்கும் செஞ்சு காட்டுற ஒண்ணு சொல்றேன், தயவுசெஞ்சு நீங்களும் கையால செஞ்சு பாருங்க. எஸ்எஸ்எச் லைன்ல டிஎஃப் இருக்கிற இடத்துல வெறும் கேட்னு போடுங்க, அதாவது வெப்01ல போய் கேட் ஓட்டு, அவ்வளவுதான். ஓட்டினீங்கன்னா ஸ்கிரீன்ல வெப்02, வெப்03ன்னு ஆரம்பிச்சு மீதி 42 சர்வர் பேரும் வரிசையா வந்து விழும். லூப் படிக்கல. வெப்01 மெஷின்ல ஓடுற கேட் படிச்சு திருப்பி அனுப்புது. உங்க லிஸ்ட் மொத்தமும் நெட்வொர்க் வழியா முதல் சர்வருக்குப் போயிடுச்சு. டிஎஃப் எதையும் படிக்கிற ஆள் இல்ல, அதனால போன பேரெல்லாம் அங்க யாரும் தொடாம அப்படியே குப்பைக்குப் போச்சு. கேட் போட்டா மட்டும் அது கண்ணுக்குத் தெரியுது.

ஏன் போகுது? ஸ்டாண்டர்ட் இன்புட்னு ஒண்ணு இருக்கே, கமாண்டுக்குள்ள டேட்டா வர்ற வழி, அது லூப்புக்குத் தனியா, உள்ள இருக்கிற கமாண்டுக்குத் தனியான்னு இல்ல. பைப்ல வைலுக்குக் குடுத்தா, வைலுக்கும் லூப்பை மூடுற டன்னுக்கும் நடுவுல இருக்கிற அத்தனை கமாண்டுக்கும் அதே இன்புட்தான். தெருக்குழாய் ஒண்ணுதான் இருக்கு, ரீட் ஒரு டம்ளரோட வந்து ஒரு லைன் மட்டும் பிடிச்சுக்கிட்டு நகருது, பின்னாடியே வர்ற எஸ்எஸ்எச் அண்டாவை வச்சு குழாய் காலியாகற வரைக்கும் பிடிச்சுக்குது. பேஷ்ல ரீட் இதுல எவ்வளவு கவனமா இருக்குன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும், பைப்ல இருந்து படிக்கும்போது ஒரு லைனுக்கு மேல ஒரு எழுத்துகூட எடுத்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு பைட்டா படிக்கும், ஃபைல்ல இருந்துன்னா கொஞ்சம் மொத்தமா எடுத்துட்டு, அதிகமா எடுத்த அளவுக்குப் பின்னாடி நகர்த்தி வச்சிடும். அடுத்து வர்றவங்களுக்கு மிச்சம் இருக்கணுமேன்னுதான் அது. எஸ்எஸ்எச்சுக்கு அந்தக் கவலை இல்ல, ஏன்னா இந்தப் பக்கம் இன்புட்ல வர்றதை அந்தப் பக்கம் கொண்டு சேர்க்கிறதுதான் அதோட வேலை. ஃபைலை எல்லாம் ஒண்ணா கட்டுற டார் போட்டு பைப் பண்ணி எஸ்எஸ்எச் வழியா இன்னொரு மெஷின்ல விரிக்கிறோம்ல, டேட்டாபேஸ் டம்பை நேரா அந்த சர்வருக்குத் தள்ளுறோம்ல, அதெல்லாம் நடக்கிறதே இதனாலதான். அந்தப் பக்கம் டிஎஃப் இருக்கா டார் இருக்கா, அது படிக்குமா படிக்காதான்னு எஸ்எஸ்எச்சுக்குத் தெரியாது, வந்ததை எல்லாம் அனுப்பும்.

உங்க டெஸ்ட்ல ஏன் மாட்டலன்னும் இப்ப புரிஞ்சிருக்கும். லிஸ்ட்ல ஒரே பேரு, முதல் டம்ளர்லயே முடிஞ்சு போச்சு, எஸ்எஸ்எச் திருட மிச்சமே இல்ல. லூப் எழுதினா ஒண்ணு வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, குறைஞ்சது மூணு வைங்க, நடுவுல ஒண்ணு வேணும்னே இல்லாத சர்வர் பேரா இருக்கட்டும்.

இது எஸ்எஸ்எச்சோட மட்டும் நிக்கல. வீடியோ மாத்துற எஃப்எஃப்எம்பெக் இதையே பண்ணும், ஓடும்போது கீபோர்டுல ஏதாவது அமுக்குறீங்களான்னு இன்புட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கும், அதனால லூப்ல போட்டா அடுத்த ஃபைல் பேரோட முதல் எழுத்தோ ரெண்டு எழுத்தோ காணாம போய், ஃபைல் இல்லைன்னு விசித்திரமா சொல்லும். அதுக்கு மைனஸ் நோஎஸ்டிடிஇன்னு ஒரு ஆப்ஷனே வச்சிருக்காங்க. பேரு பாதியா வெட்டுப்பட்டு வந்தாலும் சரி, முதலோட நின்னாலும் சரி, உள்ள யாரு இன்புட்டைத் தொடுறாங்கன்னு பாருங்க.

சரி, எப்படி சரி பண்றது. சின்ன வழி, எஸ்எஸ்எச்சுக்கு மைனஸ் என் குடுங்க, இன்புட்டைப் படிக்காதேன்னு அர்த்தம். இல்லைன்னா அந்த லைன் கடைசியில < போட்டு எப்பவும் காலியா இருக்கிற டெவ் நல் குடுங்க, இது எந்த கமாண்டுக்கும் செல்லும். ரெண்டுமே போதும்தான், ஆனா எனக்குப் பிடிச்சது இது இல்ல, ஏன்னா நாளைக்கு உங்களுக்கு அப்புறம் வர்றவர் உள்ள இன்னொரு எஸ்எஸ்எச் சேர்ப்பார், மைனஸ் என் போட மறந்துடுவார், மறுபடி மூணு மாசம். நான் லிஸ்ட்டுக்குன்னு தனிக் குழாயே போட்டுடுவேன். ரீட்டுக்கு மைனஸ் யு 3ன்னு குடுத்து, டன் பக்கத்துல 3< போட்டு லிஸ்ட் ஃபைல் பேரைக் குடுங்க. 3க்கும் <க்கும் நடுவுல ஸ்பேஸ் விடாதீங்க. இப்ப பேரெல்லாம் 3ம் நம்பர் வழியா வரும், ரீட் மட்டும்தான் அதைத் தொடும், உள்ள யாரு எவ்வளவு குடிச்சாலும் லிஸ்ட் பத்திரமா இருக்கும்.

ஃபார் லூப் ஏன் ஓடுச்சுன்னு கேட்டீங்களே, ஃபார் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லிஸ்ட் முழுசையும் படிச்சு விரிச்சு கையில வச்சுக்குது, அப்புறம் இன்புட்டுக்கே போறதில்ல, எஸ்எஸ்எச் குடிக்க லிஸ்ட் அங்க இல்ல. அதனால சர்வர் பேரு மாதிரி ஸ்பேஸ் இல்லாத பேருக்கு அது ஓடும், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஃபார் பிரிக்கிறது லைன் லைனா இல்ல, வார்த்தை வார்த்தையா. யாராவது ஒரு நாள் லிஸ்ட்ல ஹேஷ் போட்டு இதெல்லாம் பழைய சர்வர்னு ஒரு குறிப்பு எழுதினா ஹேஷ்ல இருந்து ஒவ்வொரு வார்த்தையையும் சர்வர்னு நினைச்சு எஸ்எஸ்எச் பண்ணப் போகும், தனியா ஒரு நட்சத்திரக் குறி இருந்தா அந்த ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் பேரா விரியும்.

ஃபைல் விஷயத்துல இதைப் பண்ணவே பண்ணாதீங்க, இதை நான் நேர்ல பார்த்திருக்கேன். முன்னாடி வேலை செஞ்ச ஒரு இடத்துல, பழைய ஃபோல்டர்களைத் துடைக்க ஒரு லூப், பேரையெல்லாம் பட்டியல் போடுற எல்எஸ் அவுட்புட்டை ஃபாருக்குக் குடுத்து, உள்ள எதையும் கேக்காம துடைக்கிற ஆர்எம் மைனஸ் ஆர்எஃப். அங்க பில்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுதான் தினமும் வேலை நடக்கிற ஃபோல்டர். பக்கத்துலயே பில்ஸ், ஒரு ஸ்பேஸ், அப்புறம் ஓல்டுன்னு இன்னொண்ணு, துடைக்க வேண்டியது அதுதான், ஓல்டுன்னு முடியறதை மட்டும் கிரெப் பண்ணி எடுத்தாங்க. எல்லாம் சரியா யோசிச்சுதான் செஞ்சாங்க. ஆனா ஃபார் அந்தப் பேரை ரெண்டா உடைச்சுது, முதல்ல பில்ஸைத் துடைச்சுது, அப்புறம் ஓல்டுன்னு எதுவும் இல்ல, மைனஸ் எஃப் இருந்ததால அதையும் வாயைத் திறந்து சொல்லல. துடைக்கணும்னு நினைச்சது அப்படியே இருந்துச்சு, துடைக்கக் கூடாதது போச்சு. பேக்கப்ல இருந்து எடுத்தோம், ஆனா அந்த நாள் போட்ட பில் எல்லாம் திரும்பக் கையால போட்டாங்க, அந்த அக்கவுண்ட்ஸ் அக்கா ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் துடைக்கிற லூப் எதுவா இருந்தாலும் முதல் தடவை ஆர்எம்முக்கு முன்னாடி எக்கோ இல்லாம நான் ஓட்டினதில்ல, வேரியபிளை டபுள் கோட்டுக்குள்ள, அதாவது ரெட்டை மேற்கோள் குறிக்குள்ள, போடாம எழுதினதும் இல்ல. ஃபைலுக்கு லூப் வேணும்னா எல்எஸ் வேண்டாம், நட்சத்திரத்தை நேரா ஃபாருக்கே குடுங்க, ஷெல் ஒவ்வொரு பேரையும் உடைக்காம தரும்.

இப்ப கவுண்டருக்கு வருவோம். கேட் போட்டு பைப் போட்டு வைல்னு எழுதியிருக்கீங்க. பேஷ் பைப்போட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் குழந்தை ஷெல்லுல ஓட்டும், சப்ஷெல்னு சொல்வோம். உங்க வைல் லூப் அந்தக் குழந்தைக்குள்ள ஓடுது, கவுண்டரும் அங்கதான் ஏறுது, லூப் முடிஞ்சா குழந்தை போயிடும், அது எண்ணி வச்சதும் கூடவே போயிடும். வெளிய இருக்கிற கவுண்டர் நீங்க ஆரம்பத்துல வச்ச 0லயே நிக்கும். எண்ணுனது சரிதான், எண்ணின ஆள்தான் இல்ல. சந்தேகம்னா லூப்புக்குள்ளயே, டன்னுக்கு முந்தின லைன்ல எக்கோ போட்டுப் பாருங்க, 1ன்னு காட்டும், வெளிய 0ன்னு காட்டும்.

நானும் இதுல ரெண்டு நாள் தவிச்சிருக்கேன். பழைய யூனிக்ஸ் மெஷின்ல கார்ன் ஷெல்லுல வருஷக்கணக்கா ஓடின ஸ்கிரிப்டை லினக்ஸுக்கு மாத்தினோம், ஒரு எழுத்துகூட மாத்தல, மேல ஷெல் பேரை மட்டும் பேஷ்னு போட்டோம், ரிப்போர்ட்ல மொத்தம் எல்லாமே 0. கார்ன் ஷெல் பைப்போட கடைசிப் பகுதியை தன்னோட சொந்த ஷெல்லுலயே ஓட்டும், இசட் ஷெல்லும் அப்படித்தான், பேஷ் அப்படி இல்ல. 2011ல வந்த பேஷ் 4.2ல லாஸ்ட்பைப்னு ஒரு ஆப்ஷன் குடுத்தாங்க, அதைப் போட்டா பேஷும் அப்படி ஓட்டும், ஆனா பின்னணியில ஓடுற வேலைகளைக் கவனிக்கிற ஜாப் கண்ட்ரோல் அணைஞ்சிருந்தாத்தான், அதனால ஸ்கிரிப்ட்டுக்குள்ள வேலை செய்யும், பிராம்ப்ட்ல கையால டைப் பண்ணி டெஸ்ட் பண்ணினா வேலை செய்யாது, குழப்பம்தான் மிச்சம். உங்களுக்கு அது தேவையே இல்ல. கேட்டையும் பைப்பையும் தூக்கிட்டு நான் மேல சொன்ன மாதிரி டன் பக்கத்துல 3< போட்டு லிஸ்ட்டைக் குடுத்தீங்கன்னா பைப்பே இல்ல, சப்ஷெல்லும் இல்ல, கவுண்டர் வெளிய வந்தும் இருக்கும். ஒரே மாத்தத்துல ரெண்டு தப்பும் போயிடும், எனக்கு அந்த வழி பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கவுண்டர் ஏத்தும்போது ஒரு எச்சரிக்கை. யாராவது உங்ககிட்ட, எர்ரர் வந்தா உடனே நிக்கணும், மேல செட் மைனஸ் ஈ போடுன்னு சொல்லுவாங்க. போட்டுட்டு, ரெட்டை அடைப்புக்குள்ள கவுண்ட் ப்ளஸ் ப்ளஸ்னு எழுதினீங்கன்னா லூப் மறுபடி முதல் சர்வரோட நிக்கும்! அதே அறிகுறி, ஆனா வியாதி வேற. கவுண்ட் 0வா இருக்கும்போது ப்ளஸ் ப்ளஸ் முதல்ல பழைய மதிப்பான 0வைத் தரும், ரெட்டை அடைப்புக்குள்ள விடை 0ன்னா பேஷ் கணக்குல அது தோல்வி, செட் மைனஸ் ஈ தோல்வியைப் பார்த்ததும் ஸ்கிரிப்டை மூடிடும். இங்கதான் மைனஸ் எக்ஸ் கை குடுக்கும், இப்ப ரெண்டாவது ரீட் வராது, கடைசி ப்ளஸ் லைன் கவுண்டரா இருக்கும், ரெண்டு வியாதியையும் பிரிச்சுடலாம். கவுண்ட் ஈக்வல் டாலர் போட்டு ரெட்டை அடைப்புக்குள்ள கவுண்ட் ப்ளஸ் 1ன்னு எழுதுங்க, பிரச்சனை இல்ல. அதே மாதிரி ஒரு சர்வர் கீழ விழுந்திருந்தா எஸ்எஸ்எச் 255ன்னு திரும்பும், செட் மைனஸ் ஈ அதுக்கும் மொத்தத்தையும் நிறுத்திடும், ஒரு சர்வர் இல்லைங்கிறதுக்காக மீதியைப் பார்க்காம விடுறது உங்களுக்கு ஆகாது, அதனால எஸ்எஸ்எச்சை ஒரு இஃப்புக்குள்ள வச்சு, போனா சரி, போகலைன்னா அந்தப் பேரை போகாதது லிஸ்ட்ல சேருங்க.

எஸ்எஸ்எச்சுக்கு இன்னும் ரெண்டு ஆப்ஷன் சேருங்க: பேட்ச்மோட் ஈக்வல் யெஸ், கனெக்ட்டைம்அவுட் ஈக்வல் 5. முதல்து பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டு நிக்காம இருக்க, ரெண்டாவது பதில் தராத சர்வர்ல மாட்டிக்கிட்டு நிமிஷக்கணக்கா நிக்காம இருக்க. டிஎஃப்புக்கு மைனஸ் பெரிய பி போடுங்க, டிவைஸ் பேரு நீளமா இருந்தா சில மெஷின்ல ரெண்டு லைனா மடங்கி வரும், அப்ப ஆக் கமாண்டு போட்டு அஞ்சாவது நெடுவரிசையை எடுக்கிற கணக்கு தப்பிடும்.

லிஸ்ட் ஃபைலை விண்டோஸ்ல யாராவது எடிட் பண்ணியிருந்தா அதுவும் ஒரு தலைவலி. ஒவ்வொரு லைன் முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து சேர்ந்திருக்கும், எஸ்எஸ்எச் அந்த சர்வர் பேரே தெரியலைன்னு சொல்லும், மெசேஜை உத்துப் பார்த்தீங்கன்னா பேரோட வால்ல பின்சாய்வும் ஆரும் ஒட்டியிருக்கும். கேட் மைனஸ் பெரிய ஏ போட்டுப் பார்த்தா டாலருக்கு முன்னாடி தொப்பிக் குறியும் எம்மும் தெரியும். டாஸ்2யூனிக்ஸ் ஓட்டினா போயிடும். அப்புறம் ஸ்கிரிப்டை ஓட்டும்போது எஸ்எச் போட்டு ஓட்டாதீங்க, உபுண்டுல 2006ல வந்த 6.10ல இருந்து அது பேஷ் இல்ல, டேஷ்ங்கிற வேற ஷெல், ரீட் மைனஸ் யு எல்லாம் அதுக்குப் புரியாது.

ஸ்கிரிப்ட்ல தப்பைக் கண்டுபிடிச்சுச் சொல்ற ஷெல்செக்னு ஒரு டூல் இருக்கு, விடார் ஹோலன்ங்கிறவர் எழுதினது, இலவசம். உங்க பழைய ஸ்கிரிப்டை அதுக்குக் குடுத்துப் பாருங்க, 2095ங்கிற நம்பர் போட்டு இந்த எஸ்எஸ்எச் லூப்போட இன்புட்டை முழுங்கும்னு சொல்லும், கவுண்டர் லைனோட கமெண்டை எடுத்துட்டா அதுக்கு 2030, 2031ன்னு ரெண்டு எச்சரிக்கை வரும். அதாவது நீங்க மாட்டின ரெண்டு குழியிலயும் உங்களுக்கு முன்னாடி எத்தனையோ பேர் விழுந்து, விழுந்து, கடைசியில அதுக்கு நம்பர் குடுக்கிற அளவுக்கு ஆகியிருக்கு. அதனால உங்களையே ரொம்ப நொந்துக்காதீங்க.

மேனேஜருக்கு எழுதறதைப் பத்தி. சுத்தி வளைக்காம எழுதுங்க. லூப்புக்குப் போக வேண்டிய சர்வர் பட்டியலை எஸ்எஸ்எச் படிச்சுட்டதால முதல் சர்வர் மட்டும் சோதிக்கப்பட்டது, டெஸ்ட் ஒரே சர்வர்ல நடந்ததால தெரியல, எத்தனை சர்வர் சோதிக்கப்பட்டதுன்னு எண்ணற பகுதி தப்பா காட்டினதால நான் அதை நீக்கிட்டேன், மெயில் வரலைன்னா எல்லாம் சரின்னு எடுத்துக்கிட்டோம். இந்த நாலு விஷயம் போதும். மூணாவதை மறைக்கணும்னு தோணும், மறைக்காதீங்க, அதை நீங்களே எழுதினா இனிமே நீங்க வைக்கிற கவுண்டரை எல்லாரும் நம்புவாங்க.

நாலாவதைத்தான் உண்மையில மாத்தணும். மெயில் வராதது நல்ல செய்தின்னு வச்சா, ஸ்கிரிப்ட் செத்தாலும் நல்ல செய்திதான், கிரான் ஓடலைன்னாலும் நல்ல செய்திதான். தினமும் காலையில ஒரு மெயில் வரட்டும், சப்ஜெக்ட்லயே 43ல 43 பார்த்தாச்சு, 90க்கு மேல 0ன்னு. பார்க்க வேண்டியதும் பார்த்ததும் ஒத்துப் போகலைன்னா சப்ஜெக்ட் மாறட்டும். அந்த மெயில் 6:30க்குள்ள வரலைன்னா அதுவே உங்களுக்கு அலாரம். தினமும் மெயில் தொல்லைன்னு டீம்ல சொல்லுவாங்க, கேட்காதீங்க.

அந்த 43ங்கிற எண்ணை ஸ்கிரிப்ட்ல கையால எழுதாதீங்க, நாளைக்கு 44 ஆகும், லிஸ்ட்ல இருந்தே எண்ணணும். இங்க லைன் எண்ணுறதுக்குன்னு இருக்கிற டபிள்யூசி மைனஸ் எல் போடத் தோணும், போடாதீங்க, ஏன்னு சொல்றேன். லிஸ்ட் ஃபைலோட கடைசிப் பேருக்கு அப்புறம் யாரும் என்டர் தட்டலைன்னு வைங்க. ரீட் அந்தப் பேரைப் படிச்சு வேரியபிள்ல வைக்கும், ஆனா லைன் முடியலையேன்னு தோல்வின்னு திரும்பும், வைல் நின்னுடும், கடைசி சர்வர் பார்க்கப்படாமலே போகும். டபிள்யூசி எண்ணறது லைனை இல்ல, என்டரை, அதுவும் 42ன்னுதான் சொல்லும். லூப்பும் 42, டபிள்யூசியும் 42, ரெண்டும் ஒத்துப் போச்சுன்னு மெயில் வரும், ஒரு சர்வர் யாரு கண்ணுலயும் படாம இருக்கும். அதனால எண்ண கிரெப் மைனஸ் சி போட்டு ஒரு புள்ளி குடுங்க, அது என்டர் இல்லாத கடைசிப் பேரையும் சேர்த்து எண்ணும், காலி லைனை விட்டுடும். காலி லைன் வந்தா லூப்புக்குள்ளயும் கன்டின்யூ போட்டுத் தாண்டிடுங்க, அப்பத்தான் ரெண்டு கணக்கும் ஒத்துப் போகும். வைல் ரீட் லைன்ல ரீட்டுக்கு அப்புறம் ரெண்டு செங்குத்துக் கோடு போட்டு, சதுர அடைப்புக்குள்ள மைனஸ் என், டபுள் கோட்டுக்குள்ள அந்த வேரியபிள், இதைச் சேர்த்தா ரீட் தோல்வின்னு சொன்னாலும் கையில பேரு இருந்தா லூப் ஒரு சுத்து ஓடிட்டுத்தான் நிக்கும்.

புது ஸ்கிரிப்டை கிரான்ல போடறதுக்கு முன்னாடி டெயில் மைனஸ் 1 போட்டு உங்க லிஸ்ட்ல கடைசியா இருக்கிற சர்வர் எதுன்னு பாருங்க, இன்னைக்கே அதுக்குள்ள கையால போய் டிஎஃப் அடிச்சுப் பார்த்துடுங்க.